ராசம்மாவை எங்களுக்குத் தெரியாது

கம்பளை, புசல்லாவை எல்லாம் தாண்டி நுவரெலியா வீதியில் பஸ் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தது. எங்கட பட்ச் கள ஆய்வுக்குப் போன நாள். பின் சீட்டில் இருந்த சிங்கள நண்பர்கள் டோல்கியோட பழைய பாட்டுகளில் இறங்கிவிட்டார்கள். அவர்களது பாட்டி காலத்துப் பாட்டுகள். ஒரு பாட்டு முடிந்ததும் எங்களில் ஒருத்தர், எங்கேயோ வாசித்த நினைவில், கொஞ்சம் வெற்றிக் களிப்போட திரும்பிச் சொன்னார்: "இதைப் பாடின ருக்மணி தேவி தமிழ் ஆள், தெரியுமா?"

டோல்கி வைத்திருந்த தோழி சிரித்தாள். "தெரியுமே. ராசம்மா. இறம்பொடையிலதானே பிறந்தவ. இப்ப இறம்பொடை வரப்போகுது எண்டுதான் அவட பாட்டை எடுத்தம்."

எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இறம்பொடை என்றால் எங்களுக்கு நீர்வீழ்ச்சி, ஹனுமான் கோவில், சுரங்கப்பாதை. அவ்வளவுதான். ஒரு உண்மையைத் தூக்கி அவர்களின் முகத்தில் வைக்கலாம் என்று நினைத்தோம். அந்த உண்மை அவர்களிடம் ஏற்கனவே இருந்தது. இல்லாதது எங்களிடம்தான். ஊருக்குப் போனபோது அம்மம்மாவிடம் கேட்டால், "ஓ, றேடியோவில சிங்களப் பாட்டுப் பாடுற மனுசி" என்று மட்டும் சொன்னா. அதற்குமேல் ஒன்றுமில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பஸ்ஸில் வந்த வெட்கத்திலிருந்து தொடங்கினது.

டெய்சி ராசம்மா டேனியல்ஸ் 1923 ஜனவரி 15ஆம் திகதி இறம்பொடையில் பிறந்தார். இறம்பொடை என்றதும் லயத்தில் பிறந்த தோட்டத் தொழிலாளியின் மகள் என்று கற்பனை செய்யக்கூடாது. நாங்கள் முதலில் அப்படித்தான் செய்தோம், கதை இன்னும் உருக்கமாக இருந்திருக்கும். அவருடையது கிறிஸ்தவக் கொழும்புச் செட்டிக் குடும்பம். கொழும்புச் செட்டிகள் என்போர் தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காக வந்து கொழும்பையும் மேற்குக் கரையையும் சேர்ந்தவர்களாகிப் போனவர்கள். பலர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் கிறிஸ்தவரானார்கள். தமிழும் ஆங்கிலமும் பிறகு சிங்களமும் ஒரே வீட்டுக்குள் புழங்கின. தங்களைத் தமிழர் என்ற பெட்டிக்குள் போடாமல் தனிச் சமூகமாக எண்ணவேண்டும் என்று கேட்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. 2001 சனத்தொகைக் கணக்கெடுப்பில் தனி இனக்குழுவாகவே இடம்பெற்றார்கள். ஆகவே "ருக்மணி தேவி தமிழ் ஆள்" என்று பஸ்ஸில் சொன்னோமே, அந்த வசனமே அரைகுறை. பெயரில் ராசம்மா இருந்தது என்பது உண்மை. மற்றதெல்லாம் நாங்கள் சேர்த்தது.

குடும்பம் கொழும்புக்கு வந்தது. பாட்டும் நடிப்பும் பள்ளிக்கூடக் காலத்திலேயே ஒட்டிக்கொண்டன. 1930களின் நடுப்பகுதியில், வயது பன்னிரண்டு அளவில், 'ராமாயணய' என்ற சிங்கள மேடை நாடகத்தில் சீதையாக நடித்தார். இறம்பொடையிலிருந்து அதே வீதியில் இன்னும் மேலே போய் நுவரெலியாவைக் கடந்தால் சீதா எலிய கோவில் வரும். ராமாயணச் சுற்றுலா என்று இன்று பஸ் பஸ்ஸாக ஆட்களை இறக்குகிற அந்தப் பாதையில் பிறந்த பிள்ளைதான் சிங்கள மேடையில் சீதை. எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. டெய்சி என்ற பெயர் போய் ருக்மணி தேவி என்ற பெயர் வந்ததும் மேடையோடுதான்.

அந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் நிற்கவேண்டும். எங்களுக்குள்ளேயே இதில் சண்டை வந்தது. ஒருவர் சொன்னார், தமிழ்ப் பெயரை மறைத்துத்தான் அவ முன்னுக்கு வந்தா என்று. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மறைப்பதற்கு வைத்த பெயர் ருக்மணி தேவி! அது சிங்களப் பெயரா? கண்ணனின் மனைவியின் பெயர். கொழும்பில் இருந்து கல்கத்தா வரை எந்த மேடைக்கும் பொருந்துகிற பெயர். அன்றைய சிங்கள மேடையில் அது அந்நியமாகக் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த மேடையே பாதி இந்திய மேடை.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனிகள் கொழும்புக்கு வந்தன. திரைச்சீலை, ஜிகினா உடுப்பு, ஆர்மோனியம், ஹிந்துஸ்தானி மெட்டு. அதைப் பார்த்து வளர்ந்ததுதான் சிங்களத்தில் 'நூர்த்தி'. அதன் பெரிய நாடகாசிரியர் ஜோன் டி சில்வா. அவரது நாடகங்களுக்கு மெட்டமைக்க இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி என்ற இசைக்கலைஞர் வந்தார். 1911இல் மருதானையில் டவர் ஹோல் திறக்கப்பட்டது. சிங்களத் தேசியவாதம் பேசிய நாடகங்கள் ஹிந்துஸ்தானி ராகத்தில் ஒலித்தன. அதே பார்சி பாணிதான் தமிழ்நாட்டுக் கம்பனி நாடகங்களின் வழியாக யாழ்ப்பாணத்துக்கும் வந்து, எங்கட இசை நாடகமானது. மயான காண்டம் என்றால் நினைவுக்கு வருகிற நடிகமணி வி. வி. வைரமுத்துவும் ருக்மணி தேவியும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். ஒருவர் காங்கேசன்துறையில், மற்றவர் கொழும்பில். ஒரே தாய்ப் பாட்டியின் இரண்டு பேரப்பிள்ளைகள் மாதிரி, ஒருவரையொருவர் தெரியாத இரண்டு மேடைகள். இதை நாடகமும் அரங்கியலும் படிக்கிற காலத்திலும் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியமானது. எங்கட பக்கத்து இசை நாடக மேடையில் பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டினார்கள். சிங்கள மேடையிலும் ஆரம்பம் அப்படித்தான். பிறகு அனி பொத்தேஜு போன்ற பெண்கள் டவர் ஹோலில் ஏறினார்கள். ஏறியவர்களுக்குப் பாராட்டும் கிடைத்தது, கெட்ட பெயரும் கிடைத்தது. மேடை ஏறுகிற பெண் நல்ல குடும்பத்துப் பெண்ணில்லை என்ற பேச்சு சிங்களத்திலும் தமிழிலும் ஒரே மாதிரித்தான் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு தமிழ் பேசும் வீட்டுப் பெண், பாடவேண்டும் நடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் இலங்கையில் எங்கே போவது? தமிழ்ப் படம் மதராஸிலிருந்து வந்தது. இலங்கையில் 35 மில்லிமீற்றரில் ஒரு தமிழ்ப்படம் எடுபட 1960கள் வரை காத்திருக்கவேண்டும். 'தோட்டக்காரி' வரும்போது ருக்மணி தேவிக்கு நாற்பது வயது. அவர் தமிழை விட்டுப் போனார் என்று சொல்வதற்கு முன்னால், தமிழில் அவருக்கு நிற்க ஒரு பலகையாவது இருந்ததா என்று கேட்கவேண்டும். இருக்கவில்லை.

1930களின் இறுதியில் எச்.எம்.வி. இசைத்தட்டில் அவரது குரல் வந்தது. ரூபசிங்க மாஸ்டருடன் சேர்ந்து பாடிய 'சிரி புத்தகயா விஹாரே'. புத்தகயாவைப் போற்றுகிற பௌத்த பக்திப் பாட்டு, பாடியது கிறிஸ்தவப் பெண். இன்றைக்கும் வெசாக் காலத்தில் ஒலிபெருக்கிகளில் கேட்கலாம். அதே ஒலிபெருக்கியில் அடுத்ததாக முகைதீன் பேக்கின் 'புத்தங் சரணங் கச்சாமி' வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். முகைதீன் பேக் சேலத்தில் பிறந்த முஸ்லிம். பௌத்த பக்திக்கு மிகப் பிரியமான இரண்டு குரல்கள் இப்படி அமைந்தன. வெசாக் கூடு பார்க்கப் போகிற எவரும் இதை நினைத்துக் குழம்புவதுமில்லை, இதிலிருந்து எதையும் கற்றுக்கொள்வதுமில்லை.

பிறகு வந்தது மினர்வா. நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் நாடகக் குழு. அரசர் கதைகளை விட்டு, வீட்டுக்குள் நடக்கிற கதைகளை எடுத்தது மினர்வா: ஏழைப் பெண், பணக்காரக் காதலன், கொடுத்த வாக்கு, ஏமாற்றம், கண்ணீர், நடுவில் பகிடி. பகிடிக்கு ஜயமான்னவின் தம்பி எடி. ருக்மணி தேவி எடி ஜயமான்னவை மணந்துகொண்டார். கண்ணீருக்கு ஒருவரும் சிரிப்புக்கு ஒருவருமாக அந்தக் கணவனும் மனைவியும் ஊர் ஊராய் நாடகம் போட்டார்கள்.

அந்த மினர்வா நாடகங்களில் ஒன்றுதான் 'கடவுனு பொரொந்துவ', மீறப்பட்ட வாக்கு. 1947 ஜனவரி 21இல் அது திரைக்கு வந்தது. முதல் சிங்களப் பேசும் படம். கதாநாயகி ரஞ்சனியாக ருக்மணி தேவி. அப்போது அவருக்கு 24 வயது.

இந்தப் படத்தின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம், தமிழர். எடுத்த இடம் மதுரை, சித்திரகலா மூவிடோன் ஸ்டூடியோ. இயக்கியவர் வங்காளத்தைச் சேர்ந்த ஜோதிஷ் சிங். இசை நாராயண ஐயர். அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து மதுரைக்குப் போவதென்றால் தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், பிறகு திரும்பவும் ரயில். சிங்களச் சினிமா பிறப்பதற்கு மன்னார்க் கடலைத் தாண்டிப் போய் வரவேண்டியிருந்தது. அதே வருடம் வந்த 'அசோகமாலா' எடுபட்டது கோயம்புத்தூரில். அது துட்டகைமுனுவின் மகன் சாலிய இளவரசனின் காதல் கதை! எல்லாளனை வென்றவனின் மகனுக்குக் கோயம்புத்தூரில் செட் போட்டார்கள். எங்கட பாடப் புத்தகத்தில் துட்டகைமுனுவும் எல்லாளனும் சண்டை பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் கதையெல்லாம் அதில் வராது.

அதற்கு அடுத்த சில வருடங்கள் ருக்மணி தேவியின் காலம். 'கபட்டி ஆரக்ஷகயா', 'வெரதுனு குருமானம', 'பெரலென இரணம', 'உமது விஸ்வாசய' என்று மினர்வா நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படமாயின. இந்தப் படங்களின் துண்டுகளை இப்போது பார்த்தால் எங்களுக்கே பொறுமை போகிறது. கமரா ஓரிடத்தில் நிற்கிறது. நடிகர்கள் வரிசையாக நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்பது போலக் கத்திப் பேசுகிறார்கள். மேடையைத் தூக்கி அப்படியே திரையில் ஒட்டிய மாதிரி. பாட்டு மெட்டுகள் பலதும் ஹிந்தி, தமிழ்ப் படங்களிலிருந்து வந்தவை.

ஆனால் பாட்டு தொடங்கும்போது எல்லாம் மாறுகிறது. மைக் இல்லாத கொட்டகைகளில் பழகிய தொண்டை அது. கனமான, அடியிலிருந்து வருகிற குரல். லதாவின் மென்மையை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றம்தான், கே. பி. சுந்தராம்பாளைக் கேட்ட காதுக்கு உடனே பிடிபடும். எங்களில் ஒருத்திக்குச் சிங்களம் அரைகுறை. அவள் சொன்னாள், "சொல் விளங்கேல்ல, ஆனா ஆரோ செத்த வீட்டில நிண்டு கேக்கிற மாதிரி இருக்கு" என்று. நடிப்பு பழசாகிப் போனது. குரல் பழசாகவில்லை. அவரை ஒரு பாடகியாக மட்டும் நினைவில் வைத்திருப்பது அநியாயம் என்று சில சிங்கள நண்பர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவரது நடிப்பில் மிஞ்சியிருப்பது பாட்டுக்குள்தான் இருக்கிறது. பாடும்போது முகத்தில் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார், அந்த ஒன்றும் செய்யாமைதான் அந்தப் படங்களிலேயே நல்ல நடிப்பு.

1947க்கு அடுத்த வருடம் 1948. பிரஜாவுரிமைச் சட்டம். இறம்பொடையைச் சுற்றியிருந்த தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் உட்பட மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். அவர்கள் வேறு சமூகம், ராசம்மாவின் குடும்பம் வேறு சமூகம் என்று மேலே நாங்களே சொன்னோம். என்றாலும் இந்த இரண்டு வருடங்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. திரையில் ஒரு ராசம்மாவுக்காக நாடு அழுதுகொண்டிருந்தபோது ஆயிரக்கணக்கான ராசம்மாக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து போய்க்கொண்டிருந்தன.

பிறகு 1956. அந்த வருடம் மூன்று விஷயங்களை நாங்கள் பாடத்தில் தனித்தனியாகப் படித்திருக்கிறோம். அரசியல் பாடத்தில் தனிச் சிங்களச் சட்டம். நாடகப் பாடத்தில் சரச்சந்திரவின் 'மனமே'. சினிமா பற்றிப் பேசும்போது லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ'. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ருக்மணி தேவிக்கு என்ன நடந்தது என்று விளங்குகிறது. 'ரேகாவ' ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து, சிங்களக் கிராமத்தையே பின்னணியாக்கி எடுத்த படம். அதை நல்ல படமில்லை என்று எவரும் சொல்லமுடியாது. அதற்குப் பிறகு மதுரை, கோயம்புத்தூர், சேலம், மதராஸ் ஸ்டூடியோக்களில் எடுத்த படங்கள் எல்லாம் "தென்னிந்தியக் குப்பை" என்ற ஒரே சாக்குக்குள் போயின. சினிமா விமர்சனமாக அதில் நியாயம் உண்டு. ஆனால் எது உண்மையான சிங்களக் கலை, எது இரவல் என்று நாடு முழுக்கக் கேட்கப்பட்ட வருடத்தில் அந்தக் கேள்வி சினிமாவோடு மட்டும் நிற்கவில்லை. 'மனமே'யைச் சிங்கள அரங்கின் மறுபிறப்பு என்றார்கள். அது எழுந்ததோ 'நாடகம' என்ற வடிவத்திலிருந்து. அந்த நாடகமவோ கத்தோலிக்கரோடு கரையோரமாக வந்த தமிழ்க் கூத்திலிருந்து. சரச்சந்திர அதை மறைத்தவரும் இல்லை. தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளை சுதேசியாகவும், மதுரையில் எடுத்த படம் அந்நியமாகவும் ஆனது எப்படி என்பதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

ருக்மணி தேவி அந்தச் சாக்குக்குள் முழுதாகப் போகவில்லை. கதாநாயகி வேடங்கள் குறைந்தன, தாய் வேடங்கள் வந்தன. 1978இல் வெளிவந்த 'அஹசின் பொலவட்ட' படத்தில் ஒரு துணைப் பாத்திரத்தில் நடித்தார். அதன் இயக்குநர் அதே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். எந்த அலை அவரது காலத்தை முடித்து வைத்ததோ, அதன் கமராவுக்கு முன்னாலேயே கடைசியில் வந்து நின்றார்.

மேடையையும் விடவில்லை. வாழ்ந்தது நீர்கொழும்பில். ஊர் ஊராய் இசை நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பாடினார். 1978 ஒக்டோபரில் மாத்தறையில் ஒரு நிகழ்ச்சியில் பாடிவிட்டு இரவோடிரவாக வீடு திரும்பினார். 28ஆம் திகதி அதிகாலை, ஜா-எலவுக்குப் பக்கத்தில் துடெல்லவில் நடந்த வாகன விபத்தில் இறந்தார். வயது 55. வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்குப் போகிற 240ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு நாள் போனோம். இதற்காகவே போனது என்று சொன்னால் பொய், நண்பர் ஒருவரின் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனது. ஆனால் வத்தளை வந்ததும் எங்களுக்குள் பேச்சு நின்றது. வத்தளையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் ஹெந்தளை. அங்கேதான் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ இருந்தது. அவரும் தமிழர், சிங்களப் படங்களின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவர். 1983 ஜூலையில் அதை எரித்தார்கள். உள்ளே இருந்தவை சிங்களப் படச் சுருள்கள். சிங்களத்தில் படம் இயக்கிய கே. வெங்கட் என்ற தமிழரை அதே ஜூலையில் கொன்றார்கள். இன்னும் கொஞ்சம் போனால் கந்தானை. 'கடவுனு பொரொந்துவ'வைத் தயாரித்த நாயகம், பிற்காலத்தில் 'ஸ்ரீ முருகன் நவகலா' என்று பெயர் வைத்து ஸ்டூடியோ கட்டிய இடம். பிறகு ஜா-எல, துடெல்ல. கடைசியில் நீர்கொழும்பு. ஒரே வீதி.

ருக்மணி தேவி 1983ஐப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவரது வீட்டுக் கதவில் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி எங்களுக்குள் வந்தது, அதை வளர்க்க விரும்பவில்லை. இறந்த ஒருவரை எங்கட பயத்துக்குள் இழுத்து வருவது சரியில்லை. அதைப்போலவே நல்லிணக்கம் என்று போஸ்டர் அடிக்கிறவர்கள் அவரது படத்தைப் போட்டு, "பாருங்கள், ஒரு தமிழ்ப் பெண்ணைச் சிங்கள மக்கள் எப்படிக் கொண்டாடினார்கள்" என்று எழுதுவதும் எங்களுக்கு எரிச்சல். கொண்டாடினது உண்மை. ஹெந்தளை எரிந்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மூட முடியாது.

எங்கட பக்கத்துக் கணக்கும் ஒன்று இருக்கிறது. நீர்கொழும்பில் நண்பர் வீட்டுக்கு அயலில் ஒரு வயதான மீனவத் தாத்தா இருந்தார். வீட்டில் எல்லோரும் சிங்களம். அவர் மட்டும் எங்களைக் கண்டதும் தமிழில் பேசினார். எங்களுக்குக் கொஞ்சம் புதுசாகக் கேட்கிற தமிழ். அந்தக் கரை முழுக்க அப்படித்தான். பாட்டன் தமிழ், மகன் இரண்டும், பேரன் சிங்களம். பள்ளிக்கூடமும் கோவிலும் மொழி மாறின, ஆட்களும் மாறினார்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ இருக்கிற எங்களுக்கு இந்தக் கரை தமிழ் வரைபடத்துக்கு வெளியே. அங்கே ஒருவர் பெரிய ஆளாக வந்தால் "அவ சிங்களமாப் போனவ" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவோம். அம்மம்மா சொன்னதும் அதுதான், வேறு சொல்லில்.

தாத்தாவிடம் ருக்மணி தேவியைப் பற்றிக் கேட்டோம். "ருக்மணி நோனாவா? இஞ்சதானே அடக்கம் செஞ்சாங்க, என்ன சனம் தெரியுமா" என்றார். அப்போது அவர் இளம் ஆளாம், அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லையாம். "அவங்கட சொந்தப் பேர் ராசம்மா, தெரியுமா தாத்தா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். இந்தமுறை கொஞ்சம் மெதுவாக.

அவர் தலையாட்டினார். பிறகு பாட்டொன்றை முணுமுணுக்கத் தொடங்கினார். உள்ளேயிருந்து பேத்தி எட்டிப் பார்த்து, கூடச் சேர்ந்து பாடினாள். இரண்டாவது அடியில் எங்களுக்கும் மெட்டு பிடிபட்டது. பஸ்ஸில் டோல்கியோட கேட்ட அதே பாட்டு.